தன் வலையில் விழுந்தாலும் கோல் இல்லை: ஃப்ரீ கிக்கும் சேம்சைடு கோலும்

தன் பாதியில் கிடைத்த ஃப்ரீ கிக்கை ஒரு தடுப்பாட்டக்காரர் பின்னால் நிற்கும் தன் கோல்கீப்பரை நோக்கித் தட்டிவிடுகிறார். கீப்பரின் கவனம் வேறெங்கோ இருக்கிறது. பந்து யார் மேலும் படாமல் உருண்டு போய் வலைக்குள் விழுகிறது. எதிரணி வீரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பார்வையாளர்கள் ‘சேம்சைடு கோல்’ என்று கத்துகிறார்கள். நடுவர் என்ன செய்ய வேண்டும்? கோல் கொடுக்கக் கூடாது. எதிரணிக்கு ஒரு கார்னர் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். கால்பந்தின் 17 விதிகளில் 13ஆவது விதி இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறது.

பல ஆண்டுகளாகக் கால்பந்து பார்ப்பவர்களுக்கும் அந்த ஒரு வரி வியப்பைத் தருகிறது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே வீரர், அதே இடத்திலிருந்து, அதே பந்தை அதே வேகத்தில் பின்னால் தட்டி அது வலைக்குள் போயிருந்தால் கோல்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஃப்ரீ கிக்காக இருந்தால் மட்டும் ஏன் இல்லை? விதிப் புத்தகத்திலுள்ள நியாயமான ஏற்பாடுகளில் இது ஒன்று என்பது என் கருத்து. அந்த நியாயம் முழுவதும் ‘யாராவது தொட்டார்களா’ என்ற ஒரே கேள்வியில் தொங்குவதால், நடுவரின் கண்ணைக் கடுமையாகச் சோதிக்கும் ஏற்பாடும் இதுதான்.

முதலில் விதியின் எல்லையைப் பார்த்துவிடலாம். ஃப்ரீ கிக்குக்கு மட்டும் கிடைத்த தனிச் சலுகை இல்லை இது. கிக்-ஆஃப், கோல் கிக், கார்னர், த்ரோ-இன் என்று நின்றுபோன ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் எந்த வழியிலும், தொடங்கி வைத்தவரின் சொந்த வலைக்குள் பந்து நேராகப் போனால் கோல் கிடையாது, எதிரணிக்குக் கார்னர். நடுவர் பந்தைக் கீழே விட்டு ஆட்டத்தைத் தொடங்கும் டிராப் பாலில் இன்னும் ஒரு படி கூடுதல்: குறைந்தது இரண்டு வீரர்களாவது தொட்டிருந்தால்தான் எந்தப் பக்கமும் கோல் செல்லும். டைரக்ட் ஃப்ரீ கிக், இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்ற வேறுபாடு இந்த இடத்தில் மறைந்துவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எதிரணி வலைக்குள் நேராக அடித்தால் டைரக்டுக்குக் கோல், இன்டைரக்டுக்கு எதிரணியின் கோல் கிக். சொந்த வலைக்குள் அடித்தால் இரண்டுக்கும் கார்னர்தான்.

கார்னர் ஏன்? இதற்குத் தனியாக ஒரு தண்டனையை யாரும் யோசித்து வைக்கவில்லை. கோல் செல்லாது என்று ஆன பிறகு, பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது என்ற நிலை மட்டுமே மிஞ்சுகிறது. கடைசியாகத் தொட்டவர் தடுக்கும் அணிக்காரர். தடுக்கும் அணிக்காரர் தொட்டுப் பந்து கோல் கோட்டைத் தாண்டினால் எப்போதும் கார்னர். இன்டைரக்ட் ஃப்ரீ கிக் நேராக எதிரணி வலைக்குள் போனால் கோல் கிக் கொடுப்பதும் இதே கணக்குத்தான். இந்த இரண்டு படிகளைப் புரிந்துகொண்டவர் மனப்பாடம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

கோல் செல்லாது என்ற முதல் படிக்கு என்ன நியாயம்? ஃப்ரீ கிக் என்பது எதிரணி செய்த தவறுக்காகக் கிடைக்கும் ஈடு. 1863இல் லண்டன் ஃப்ரீமேசன்ஸ் டாவர்னில் கூடிய கால்பந்துச் சங்கம் தன் முதல் 13 விதிகளை எழுதியபோதே, தடையின்றிப் பந்தை உதைக்கும் சலுகை என்றுதான் ஃப்ரீ கிக்கை வரையறுத்தது. பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த சலுகையே, இடையில் யாருடைய ஆட்டமும் இல்லாமல், தவறு செய்த அணிக்கு ஒரு கோலாக மாறுவதை விதி ஏற்க மறுக்கிறது. எதிரணி எந்த முயற்சியும் செய்யவில்லை. பந்தை நெருங்கக்கூட இல்லை. அவர்கள் செய்த ஒரே காரியம் ஃபவுல். அதற்கு ஒரு கோல் பரிசா என்று கேட்டால், எந்த நியாயவானும் இல்லை என்றுதான் சொல்வார். ஆட்டம் ஓடும்போது நிலைமை வேறு. அங்கே எதிரணி நெருக்குகிறது, விரட்டுகிறது, தவறு செய்ய வைக்கிறது. அப்போது விழும் சேம்சைடு கோலில் எதிரணியின் உழைப்புக்கும் பங்கு உண்டு.

இனி அந்தத் தொடுதல். ஃப்ரீ கிக் சொந்த வலையை நோக்கிப் போகும் வழியில் சக வீரர் காலில் லேசாக உரசினாலும் அது ‘நேராக’ என்ற தகுதியை இழந்துவிடும், கோல் செல்லும். எதிரணி முன்கள வீரர் மேல் பட்டுத் திரும்பிப் போனாலும் கோல்தான். கோல் கம்பத்தில் பட்டு உள்ளே போனால் கோல் இல்லை, கம்பம் ஆட்டக்காரர் அல்ல. நடுவர் மேல் பட்டு உள்ளே போனால்? 2019க்கு முன்பு நடுவரும் கம்பத்தைப் போலத்தான் கருதப்பட்டார். அந்த ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அவர் மேல் பட்டுப் பந்து வலைக்குள் போனால் ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் கொடுக்க வேண்டும்.

அதே 2019இல் இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை சொந்தப் பெனால்டி பகுதிக்குள் எடுக்கும் ஃப்ரீ கிக், அந்தப் பகுதியை விட்டு வெளியே போன பிறகுதான் ஆட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. ஆகவே உள்ளேயிருந்து நேராகத் தன் வலைக்குள் அடித்தவருக்குக் கார்னர்கூட இல்லாமல் மறுபடி உதைக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இப்போது பந்து உதைபட்டுத் தெளிவாக நகர்ந்தாலே போதும். அதனால் எங்கிருந்து எடுத்தாலும் ஒரே பதில்தான். கீப்பரும் தடுப்பாட்டக்காரர்களும் தங்கள் கோலுக்கு அருகே சின்னச் சின்னப் பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டும் இன்றைய பாணிக்கு இந்த மாற்றம் வழி திறந்தது. அத்துடன், பழைய விதியில் அநேகமாக நடக்கவே முடியாத ஒரு விபத்தை நடக்கக்கூடியதாகவும் ஆக்கிவிட்டது.

அந்த விபத்து நடக்கும் கணத்தில் கீப்பரின் நிலையை நினைத்துப் பாருங்கள். சக வீரர் அடித்த ஃப்ரீ கிக் தன்னைத் தாண்டி வலையை நோக்கிப் போகிறது. அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. பாய்ந்து கையால் தடுத்தால், சக வீரர் வேண்டுமென்றே காலால் அனுப்பிய பந்தைக் கையாண்டதாகி, எதிரணிக்குக் கோலுக்கு மிக அருகே ஓர் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். கோல் ஏரியாவுக்குள் நடந்த தவறானால் அந்த ஃப்ரீ கிக்கை ஐந்தரை மீட்டர் கோட்டின் மேல் வைத்து எடுப்பார்கள்; தடுக்கும் அணியினர் எல்லோரும் கோல் கோட்டின் மேல் வரிசையாக நிற்க வேண்டியதுதான். காலை நீட்டித் தடுக்கப் பார்த்துப் பந்து உரசிக்கொண்டு உள்ளே போனால் முழுக் கோல். எதுவும் செய்யாமல், கையையும் காலையும் ஒதுக்கிக்கொண்டு, பந்து வலைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் வெறும் கார்னர். மூன்றில் மலிவானது சும்மா நிற்பதே. ஆனால் பிறந்ததிலிருந்து பந்தைத் தடுக்கவே பழகிய உடம்பு அந்த அரை நொடியில் சும்மா நிற்குமா?

2002 செப்டம்பர் 16 அன்று ஒரு கீப்பரின் கால் சும்மா நின்றதா இல்லையா என்பதுதான் இன்றுவரை ஓயாத வாதம். பர்மிங்காம் நகரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானம். பர்மிங்காம் சிட்டியும் ஆஸ்டன் வில்லாவும் பிரீமியர் லீக்கில் மோதிக்கொண்ட முதல் ஆட்டம். ஒரே நகரத்து அணிகள் என்பதால் அரங்கம் கொதித்துக்கொண்டிருந்தது. பர்மிங்காம் 1-0 என முன்னிலையில் இருந்தபோது வில்லாவின் ஓலோஃப் மெல்பெரி பக்கவாட்டிலிருந்து ஒரு த்ரோ-இன்னைத் தன் கீப்பர் பீட்டர் என்கெல்மனுக்கு எறிந்தார். சக வீரரின் த்ரோ-இன்னைக் கீப்பர் கையால் பிடிக்கக் கூடாது என்ற விதி 1997இலேயே வந்துவிட்டது. ஆகவே அந்த ஃபின்லாந்துக்காரர் பந்தைக் காலால் நிறுத்தப் பார்த்தார். பந்து அவர் பாதத்தின் அடியில் வழுக்கிக்கொண்டு மெதுவாக வலைக்குள் உருண்டது.

அவர் தொடவில்லை என்றால் கார்னர். தொட்டார் என்றால் கோல். நடுவர் டேவிட் எல்லரே கோல் என்று கைகாட்டினார். காட்சிகளை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் பந்தின் போக்கு திரும்பியதாகத் தெளிவாகத் தெரிவதில்லை. ஆனால் தவறு நடந்த மறுகணம் கீப்பர் காட்டிய பதற்றமும் வேதனையும் பந்து காலில் பட்டுவிட்டது என்ற எண்ணத்தைப் பலருக்கும் தந்தன. ஆட்டம் 3-0 என முடிந்தது. விதியை அறிந்த ஒரு கீப்பர் அந்த நொடியில் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டு கார்னர் கொடியைச் சுட்டிக்காட்டியிருந்தால் முடிவு வேறாகியிருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. வில்லா ஆதரவாளர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை ஏற்பதில்லை. விதி புரியாமல் நடந்த குழப்பம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. 2016இல் விதிப் புத்தகம் முழுவதும் எளிமையாக்கித் திருத்தி எழுதப்பட்டபோது அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் இதே எல்லரேதான். விதியை அவ்வளவு நன்றாக அறிந்தவருக்கும், பந்துக்கும் பூட்ஸுக்கும் இடையில் இருந்த மயிரிழை இடைவெளியைக் கண்ணால் அளக்க வேண்டியிருந்தது.

இதனுடன் 2021 ஜூன் 28 அன்று கோபன்ஹேகனில் நடந்ததை வைத்துப் பார்க்கலாம். யூரோ கோப்பையில் ஸ்பெயின், குரோஷியாவுடன் மோதியது. பெத்ரி நடுக்களத்துக்கு அருகிலிருந்து தன் கீப்பர் உனாய் சிமோனுக்கு ஒரு பேக் பாஸ் அனுப்பினார். சிமோன் அதை நிறுத்தத் தவறினார். பந்து உள்ளே போய்விட்டது. பெத்ரியின் பெயரில் சேம்சைடு கோல். கீப்பர் தொட்டாரா இல்லையா என்று அன்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கூடுதல் நேரத்தில் 5-3 என வென்று ஸ்பெயின் தப்பித்தது.

எதிரணி வலையைப் பொறுத்தவரை ஃப்ரீ கிக்கின் உரிமை மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. தொடக்க காலத்தில் தவறுக்காகக் கிடைத்த ஃப்ரீ கிக்கிலிருந்து நேராகக் கோல் அடிக்க முடியவில்லை. இதனால் தவறு செய்தவருக்கே லாபம் கிடைத்தது. 1891 எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் ஸ்டோக்குக்கு எதிராக நாட்ஸ் கவுன்டி வீரர் ஒருவர் கோல் கோட்டின் மேல் நின்று பந்தைக் கையால் தட்டிவிட்டார். ஸ்டோக்குக்குக் கிடைத்தது கோட்டருகே ஒரு ஃப்ரீ கிக். கீப்பர் பந்தின் முன்னாலேயே நின்று அடைத்துக்கொண்டார், கோல் விழவில்லை, ஸ்டோக் 1-0 எனத் தோற்றது. அயர்லாந்தின் வில்லியம் மெக்ரம் முன்மொழிந்த பெனால்டி கிக் அதே ஆண்டு ஜூனில் விதியானது. சில தவறுகளுக்கு நேரடியாகக் கோல் அடிக்கும் டைரக்ட் ஃப்ரீ கிக் 1903இல் வந்தது. எதிரணி நிற்க வேண்டிய தூரம் 1913இல் ஆறு கெஜத்திலிருந்து பத்து கெஜமாக, அதாவது இன்றைய 9.15 மீட்டராக, நீண்டது. கார்னரிலிருந்து நேராகக் கோல் அடிக்க 1924இல் அனுமதி கிடைத்தது; அதே ஆண்டு அக்டோபரில் அர்ஜென்டினாவின் செசாரியோ ஒன்சாரி ஒலிம்பிக் சாம்பியன் உருகுவேக்கு எதிராக அப்படியொரு கோல் அடித்தார். லத்தீன் அமெரிக்காவில் அவ்வகைக் கோலுக்கு ‘ஒலிம்பிக் கோல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

தவறுகளுக்கான இத்தனை திருத்தங்களும் ஒரே திசையில் போயின: தவறுக்கு ஆளான அணியின் கையை ஓங்கச் செய்வது. சொந்த வலைக்குள் நேராகப் போனால் கோல் இல்லை என்ற வரி அந்தத் திசையோடு முழுக்க ஒத்துப்போகிறது. ‘தன் முட்டாள்தனத்துக்குத் தானே பொறுப்பு, கோல் கொடுத்தால்தான் என்ன’ என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் இந்த வரலாற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. முட்டாள்தனத்துக்குக் கார்னர் ஒன்றும் சின்ன விலையும் அல்ல. கீப்பர் பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். ஆறு நொடிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்றிருந்த பழைய தண்டனையை நடுவர்கள் கொடுக்கத் தயங்கினார்கள். கார்னர் அளவான தண்டனை என்று விதி வகுப்பவர்களே இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கில் நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு வீரர் தொடும் வரைக்கும், அல்லது பந்து வெளியே போகும் வரைக்கும் இது நேராகக் கோலாகாது என்பதற்கான அறிவிப்பு அது. நடுவர் கையை உயர்த்த மறந்து, பந்து நேராக வலைக்குள் போய்விட்டால் அந்தக் கிக்கை மறுபடியும் எடுக்க வேண்டும். நடுவரின் மறதிக்கு இரு அணியும் பலியாகக் கூடாது. தடுக்கும் கீப்பருக்கு இங்கேயும் அதே பாடம்தான். உயர்ந்த கையைப் பார்த்தால், நேராக வரும் பந்தைத் தொடாமல் விட வேண்டும். விட்டால் கோல் கிக். விரல் நுனி பட்டு உள்ளே போனால் கோல்.

எந்த நேரத்தில் உதைக்கலாம் என்பதிலும் தகராறு வருவதுண்டு. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கன்டீரவா மைதானத்தில் நடந்த ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் ஆட்டம் இதற்கு நம் கண்முன் நடந்த உதாரணம். 90 நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூரு எஃப்.சி.க்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் இன்னும் சுவரை அமைத்துக்கொண்டிருந்தபோதே சுனில் சேத்ரி பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார். நடுவர் கோல் கொடுத்தார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தை விட்டே அழைத்துச் சென்றார். வெற்றி பெங்களூருக்குப் போனது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது. ஃப்ரீ கிக் எடுக்க விசில் கட்டாயம் இல்லை. நடுவர் தூரத்தை அளந்து சுவரை ஒதுக்கத் தொடங்கினாலோ, அட்டை காட்டினாலோ, காயத்துக்காக நிறுத்தினாலோ விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். எதிரணி தயாராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை விதியில் எங்கும் இல்லை. சுவர் என்பது தடுப்பவர்களின் வசதி. அதை அமைக்க அவகாசம் கேட்பது அவர்கள் உரிமை அல்ல. அன்று நடுவர் தூரத்தை அளந்துவிட்டாரா என்பதில்தான் இரு தரப்பும் மோதின. விதியில் குழப்பம் இல்லை.

சுவர் பற்றிய பேச்சில் ஒருவருக்கு நியாயம் செய்தாக வேண்டும். 1974 உலகக் கோப்பையில் பிரேசிலின் ஃப்ரீ கிக்குக்கு முன்பே சுவரிலிருந்து பாய்ந்து வந்து பந்தைத் தூர உதைத்த ஸயர் வீரர் முவேபு இலுங்காவை, விதியே தெரியாதவர் என்று உலகம் ஆண்டுக்கணக்கில் கேலி செய்தது. தனக்கு விதி நன்றாகத் தெரியும், தங்களுக்குப் பணம் தராமல் நடத்திய விதத்தின் மீதிருந்த கோபத்தில் வேண்டுமென்றே செய்தேன் என்று அவர் பிற்காலத்தில் விளக்கினார். அந்தக் காணொளியைச் சிரிப்புத் துணுக்காகப் பரப்புவது இனியாவது நிற்க வேண்டும்.

ஃப்ரீ கிக்கும் சேம்சைடு கோலும் உண்மையில் அதிகமாகச் சந்திப்பது எதிரணி அடிக்கும் ஃப்ரீ கிக்கில்தான். 2018 உலகக் கோப்பையில் 12 சேம்சைடு கோல்கள் விழுந்தன. அதற்கு முந்தைய அதிகபட்சம் 1998இல் விழுந்த ஆறு. ஜூன் 15 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மொராக்கோவும் ஈரானும் கோலின்றி முடிக்கப் போகிற நேரம். காயத்துக்கான கூடுதல் நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் ஈரானின் எஹ்சான் ஹஜ்சஃபி இடப்பக்கத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக்கை உள்ளே அடித்தார். அதைத் தலையால் வெளியேற்றப் பாய்ந்த மொராக்கோவின் அசீஸ் பூஹட்டூஸ் தன் வலைக்குள்ளேயே முட்டிவிட்டார். ஒரு மாதம் கழித்து, ஜூலை 15 அன்று மாஸ்கோ லுஷ்னிகி மைதானத்தில், இறுதி ஆட்டத்தின் 18ஆவது நிமிடத்தில் பிரான்சின் கிரீஸ்மன் அடித்த ஃப்ரீ கிக் குரோஷியாவின் மரியோ மான்ஜூகிச்சின் தலை உச்சியில் பட்டு உள்ளே போனது. உலகக் கோப்பை இறுதி ஆட்ட வரலாற்றில் முதல் சேம்சைடு கோல். அந்த ஃப்ரீ கிக்கே கொடுத்திருக்கக் கூடாது, கிரீஸ்மன் தானாகத்தான் விழுந்தார் என்று குரோஷியர்கள் இன்றும் சொல்கிறார்கள். காட்சிகளைப் பார்க்கையில் அவர்கள் பக்கம்தான் எனக்கும் நியாயம் தெரிகிறது. மான்ஜூகிச் பிற்பாதியில் பிரான்ஸ் வலைக்குள்ளும் ஒரு கோல் அடித்தார். பிரான்ஸ் 4-2 என வென்றது.

இப்படிப்பட்ட கோல்கள் ஏன் ஃப்ரீ கிக்கில் குவிகின்றன என்பதற்குக் காரணம் கண்கூடு. பந்து வேகமாகச் சுழன்று கோலை நோக்கி வளைகிறது. தடுப்பாட்டக்காரர் தன் கோலைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார். முன்னால் நிற்பவரின் தலை பந்தை மறைக்கிறது. தொட்டால் உள்ளே போகலாம். தொடாமல் விட்டாலும் நேராக உள்ளே போகலாம், பின்னால் வரும் எதிரியும் முட்டிவிடலாம். சொந்த ஃப்ரீ கிக்கில் கீப்பருக்குச் சும்மா நிற்கும் வழி இருந்தது. எதிரணியின் டைரக்ட் ஃப்ரீ கிக்கில் தடுப்பவருக்கு அந்த வழி கிடையாது.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கோல் யார் பெயரில் எழுதப்படும் என்பது விதிப் புத்தகத்தின் கவலையே அல்ல. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டியதா, அடித்த அணி தவறு செய்ததா என்பதோடு விதி நின்றுவிடுகிறது. பெயர் எழுதுவது போட்டி அமைப்பாளர்களின் வேலை. பிரீமியர் லீக்கில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. கோலை நோக்கிச் சரியாகப் போய்க்கொண்டிருந்த பந்து தடுப்பவர் மேல் பட்டுத் திரும்பி உள்ளே போனால் அடித்தவர் பெயர். வெளியே போகவிருந்த பந்தைத் தடுப்பவர் உள்ளே திருப்பிவிட்டால் சேம்சைடு கோல். பொதுவான அளவுகோல் இதுதான். சுவரில் பட்டுத் திசை மாறும் ஃப்ரீ கிக்குகள் பெரும்பாலும் அடித்தவருக்கே போவதும், கம்பத்தில் பட்டுக் கீப்பரின் முதுகில் மோதி உள்ளே போனவை கீப்பர் கணக்கில் சேர்வதும் இதனால்தான்.

பதிவேட்டுக்கான இந்த ஒரு வரி சில சமயம் ஒரு மனிதனின் தலைமேல் விழுந்துவிடுகிறது. 1994 உலகக் கோப்பையில், ஜூன் 22 அன்று கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் அமெரிக்காவின் ஜான் ஹார்க்ஸ் அனுப்பிய கிராஸைத் தடுக்கச் சறுக்கிய கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் அதைத் தன் வலைக்குள் திருப்பிவிட்டார். கொலம்பியா 2-1 எனத் தோற்றது. ஜூலை 2 அன்று மெடயினில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. தடுப்பவர் செய்ய வேண்டிய வேலையைத்தான் அவர் செய்தார். ஆட்டம் ஓடும்போது விழும் சேம்சைடு கோலுக்கு விதி மன்னிப்புத் தருவதில்லை, தரவும் முடியாது. பார்ப்பவர்களால் தர முடியும்.

வேண்டுமென்றே அடிக்கும் சேம்சைடு கோலைத் தடுக்க விதி என்ன சொல்கிறது? எதுவும் சொல்லவில்லை. 1994 ஜனவரியில் கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் பார்படோஸ் இரண்டு கோல் வித்தியாசத்தில் கிரெனடாவை வெல்ல வேண்டியிருந்தது. கூடுதல் நேரத்தில் அடிக்கும் வெற்றிக் கோல் இரண்டாகக் கணக்கிடப்படும் என்பது அந்தப் போட்டியின் விபரீதமான ஏற்பாடு. 2-1 என இருந்தபோது, இன்னொரு கோல் அடிக்க நேரம் போதாது என்று கண்ட பார்படோஸ் தன் வலைக்குள்ளேயே அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தது. சூட்சுமத்தைப் புரிந்துகொண்ட கிரெனடா எந்த வலைக்குள் அடித்தாலும் முன்னேறலாம் என்று ஓட, பார்படோஸ் வீரர்கள் இரண்டு கோல்களையும் காவல் காத்தார்கள். கூடுதல் நேரத்தில் இரட்டிப்புக் கோல் அடித்து 4-2 என வென்றார்கள். தண்டனை எதுவும் இல்லை. 1998 டைகர் கோப்பையில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் அரையிறுதியில் ஹனோயில் வியட்நாமைச் சந்திப்பதைத் தவிர்க்கத் தோற்க விரும்பின. இந்தோனேசியாவின் முர்சித் எஃபெண்டி வேண்டுமென்றே தன் வலைக்குள் அடித்தார். அவருக்குச் சர்வதேச ஆட்டங்களில் வாழ்நாள் தடை, இரு நாட்டுச் சங்கங்களுக்கும் தலா 40,000 டாலர் அபராதம். ஒன்றுக்கு எதுவுமில்லை, இன்னொன்றுக்கு வாழ்நாள் தடை. முதலாவதில் அணி வெல்ல முயன்றது, இரண்டாவதில் தோற்க முயன்றது என்பதே வேறுபாடு. அது சரியான வேறுபாடு.

2002 அக்டோபர் 31 அன்று மடகாஸ்கரில் நடந்த ஆட்டம் விதியை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. நடுவர்களின் தீர்ப்புகளை எதிர்த்து எஸ்.ஓ. லெமிர்ன் அணி தன் வலைக்குள்ளேயே அடித்துக்கொண்டே இருந்தது, ஏ.எஸ். அடேமா 149-0 என ‘வென்றது’. கிக்-ஆஃபிலிருந்து நேராகத் தன் வலைக்குள் கோல் அடிக்க முடியாது என்பதால், ஒவ்வொரு முறையும் பந்தை முறைப்படித் தொடங்கி, இன்னொருவர் தொட்ட பிறகே உள்ளே அடிக்க வேண்டியிருந்தது. கோல் வாங்கிய அணிதான் அடுத்த கிக்-ஆஃபை எடுக்கும் என்பதால் பந்து அவர்கள் காலை விட்டுப் போகவே இல்லை. அடேமா வீரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகு என் முடிவு இது. ஃப்ரீ கிக் நேராகச் சொந்த வலைக்குள் போனால் கார்னர் என்ற விதி அப்படியே இருக்க வேண்டும். மாற வேண்டியது அதைப் பற்றிய அறியாமைதான். தொலைக்காட்சியில் வர்ணனை செய்பவர்களே சில நேரம் இதைத் தவறாகச் சொல்கிறார்கள்; பள்ளி, ஊர்ப் போட்டிகளில் எதிரணியின் கூச்சலுக்கு இணங்கிக் கோல் கொடுக்கும் நடுவர்களும் உண்டு. போட்டி நடத்துபவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தொடர் தொடங்கும் முன் நடுவர்களையும் இரு அணிக் கீப்பர்களையும் உட்காரவைத்து, ஃப்ரீ கிக்கும் த்ரோ-இன்னும் சொந்த வலைக்குள் நேராகப் போனால் கார்னர்தான், தொட்டால் கோல் என்பதைச் சொல்லிவிடுங்கள். பந்தைத் தொடாமல் விடுவது எப்படி என்று கீப்பர்களுக்கு ஒரு முறையாவது மைதானத்தில் செய்து காட்டுங்கள்.